மயிலத்துக்கு ஐந்து தட்டு

எனக்குக் கார் இருக்கிறது. சொந்தக் காசில் வாங்கிய வெள்ளைக் கார். ஆனாலும் திண்டிவனம் போவதென்றால் நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவேன். காரில் ஏறினால் பேசுவதற்கு டிரைவர் ஒருத்தன்தான். என் கதையை அவன் ஏழெட்டுத் தடவை கேட்டாகிவிட்டது. இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தாலே பாட்டுப் போட்டுவிடுகிறான். பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. தினமும் புது ஆள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றுகிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். இன்றைக்கு சீனுவாசன் மோட்டார் வைண்டிங் என்றால் விழுப்புரத்தில் வழி காட்டாத ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கையால் சம்பாதித்தவன் வாயால் சொல்லிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

என் படிப்பெல்லாம் பஸ்ஸில் படித்ததுதான். எந்த ஊரு, இன்னா வேலை, எங்க போறீங்க. இந்த மூன்று கேள்வியில் விக்கிரவாண்டி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரன் எனக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான். அப்படி எனக்குக் கிடைத்தவர்களில் ஒருத்தனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் விருத்தாசலம். மூட்டை தூக்குகிறவன்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் பெரிய மோட்டார் புகைந்துபோய், மில்காரர் காலையிலிருந்து எனக்கு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் புறப்படவே இல்லை. நான் முண்டியம்பாக்கம் தாண்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆள் நல்ல வாட்டசாட்டம். கழுத்துக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புது வேட்டியில் கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடியும் மடியில் வைத்தான். எழுந்து நின்று வெளியே பார்த்தான். உட்கார்ந்தான். சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து மணி பார்த்தான். கண்டக்டர் வந்ததும், “கூட்டேரிப்பட்டு நிக்குங்களா?” என்றான். நிற்கும் என்று சொல்லிச் சீட்டுக் கொடுத்தார். அவர் திரும்பி வரும்போது மறுபடியும் கேட்டான்.

“நிக்கும்யா!”

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டான்.

“இன்னொரு தபா கேட்டே, ஒன்ன மேல்மருவத்தூர்லதான் எறக்குவேன்” என்றார் கண்டக்டர்.

முன் சீட்டில் சிவப்புப் புடவை கட்டி, மடியில் இருமுடி வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மேல்மருவத்தூர் போகிறவர்கள். அதில் பெரியவள், நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “வுடுப்பா. எங்களோட வந்து அம்மாவ கும்பிட்டுட்டுப் போ.” அவள் பெயர் சின்னக்கண்ணு என்றும், கூட இருப்பது மருமகள் கலையரசி என்றும் பஸ் ரயில்வே பாலத்தைக் கடப்பதற்குள் நான் தெரிந்துகொண்டேன்.

“தம்பிக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்தேன்.

“வளவனூர் பக்கங்க.”

“இன்னா வேலை?”

“கமிட்டில மூட்டை தூக்கறங்க. நெல்லு, மல்லாட்டை, எது வந்தாலும்.”

எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அங்கே லாரியில் மூட்டை அடுக்குகிறவனுக்கு, ஒரு பிளாஸ்டிக் பையை ஒரு இடத்தில் வைக்கத் தெரியவில்லை. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அவனைத் தைரியப்படுத்தலாம் என்று என் கதையை ஆரம்பித்தேன். முதல் மோட்டாரை நான் தனியாகச் சுற்றி ஓடவிட்ட இடத்துக்கு வந்தபோது பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றது. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஒரு நர்ஸம்மா ஏறி, எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“பெரியவரே, நைட் டூட்டி முடிச்சிட்டு வர்றேன். அந்த மோட்டார கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா?”

“அது நானே சுத்தின மோட்டாரும்மா. சீக்கிரத்துல நிக்காது.”

“ஃபியூஸ புடுங்கினா நிக்கும்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. பேர் கேட்டேன். ஆரோக்கியசெல்வி. இந்த மாதிரி பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். மில்காரருக்கு மட்டும் பயந்து குரலைத் தணிக்கிறவன், அவளுக்காகவும் தணித்தேன்.

விருத்தாசலம் சிரிக்கவில்லை. எழுந்து நின்று தலைக்கு மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். “எறங்கிடலாமான்னு இருக்குதுங்க” என்றான்.

“உக்காருப்பா. கூட்டேரிப்பட்டுல இன்னா விசேஷம்?”

“மயிலம் கோயில்ல என் தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. நான்தாங்க தாய்மாமன்.”

“அதுக்குப் போய்த்தான் இப்படி முழிக்கிறியா? மடியில உக்கார வைக்க வேண்டியவன் நீதானேப்பா!”

அவன் உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து மூட்டைதான். தங்கச்சி செண்பகத்தைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தது இந்தத் தோள்தான். அவளுக்கு அவன் பெரியப்பா மகன் பச்சைமுத்து ஒரு மாப்பிள்ளை பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள், அங்கே லோடு ஆட்டோ ஓட்டுகிற குமரேசனைக் கட்டிக்கொண்டாள். அதே ஜனம்தான். ஆனால் வெற்றிலை மாற்றிய வாக்கு போய்விட்டதே! அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்று பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பச்சைமுத்து சொல்லிவிட்டான். வளைகாப்புக்கு யாரும் போகவில்லை. பிள்ளை பிறந்ததற்கும் போகவில்லை. விருத்தாசலமும் போகவில்லை.

“நேத்து போன் பண்ணிச்சிங்க. ‘அண்ணா, பொறந்த வூட்டுல நாதி இல்லாதவன்னு எங்க மாமியார் சொல்லிச் சொல்லி காது புளிச்சிப் போச்சி. நாளைக்கும் நீ வரலன்னா, மாமன்னு வேற ஒருத்தன உக்கார வச்சிடுவாங்க. உக்கார வச்சிட்டா அப்புறம் நீ எனக்கு அண்ணன் இல்ல’ன்னு சொல்லிட்டு வச்சிடுச்சி.”

“உன் சம்சாரம் வரலியா?”

“அவ சொல்றதும் நியாயந்தாங்க. ‘நீ போனா நாளைக்கு நம்ம வூட்டு விசேஷத்துக்குப் பங்காளி எவனும் வர மாட்டான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது’ன்றா. நான் மட்டும் சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துட்டேன். ஆனா பொறந்த வூட்டு சீருன்னா தட்டு எடுத்துக்கினு ஜனம் வரணும். நான் ஒண்டியாப் போய் பைய நீட்டினா, அந்த மாமியார் சொன்னதுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். போவாத இருந்தாலும் போச்சி. போனாலும் போச்சி.”

தைரியம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் நின்றுவிட்டது.

டோல்கேட்டுக்கு முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. ரோடு முழுக்கக் கரும்பு. ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. ஆட்கள் இறங்கிக் கரும்பை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். மில்காரர் போன் பண்ணினார். “டோல்கேட்டு” என்றேன், அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது. அவர் நம்பவில்லை. கடையில் இருக்கிற என் மெக்கானிக்கை பைக்கில் அனுப்புகிறேன் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்து சீட் காலி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விருத்தாசலம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுரோட்டுத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, விழுப்புரம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வயதில் நான் தடுப்புச் சுவர் தாண்டினேன் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள். தாண்டினேன். பஸ் படியில் கால் வைக்கப் போனவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

“வுடுங்கய்யா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். எப்பிடியும் போய்ச் சேர முடியாது. மனசும் சரியில்ல.”

“ராகு காலத்த நான் பாத்துக்கறேன். வா.”

“நீங்க இன்னாங்க பாக்கப் போறீங்க?”

“உனக்கு ஜனம்தானே வேணும்? நான் வர்றேன். நான் உன் சித்தப்பா.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “எங்க சித்தப்பா கறுப்புங்க” என்றான்.

“எரிஞ்ச மோட்டாரோடவே ஆயுசு பூரா கெடந்தவன்டா நான். இதுக்கு மேல கறுக்க முடியாது.”

அப்போதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். முன் சீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் சின்னக்கண்ணு. நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: “அண்ணே, நானும் என் மருமவளும் வர்றோம். அம்மாவ பாக்கப் போற வழியில புள்ளையையும் பாத்துட்டுப் போவோம். மயிலத்து முருகன் அவ புள்ளதானே? கோச்சிக்க மாட்டா.”

“அத்தை, இருமுடியோடவா?” என்றாள் கலையரசி.

“இருமுடி இன்னா, தட்டு தூக்க வேணாம்னா சொல்லுது?”

விருத்தாசலம், நான், சின்னக்கண்ணு, கலையரசி. ஆள் சேர்த்தாகிவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஒரு கண் திறந்தது.

“நாலு பேரா?” என்றாள் ஆரோக்கியசெல்வி.

“ஏம்மா, போதாதா?”

“நாலு பேர் தூக்கினா அது வேற ஊர்வலம், பெரியவரே.”

சின்னக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் சுருக்கென்றது. சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. தூக்கத்தில் இருந்தவளுக்குத் தோன்றுகிறது.

“அப்ப நீங்க வாங்க சிஸ்டர்” என்றான் விருத்தாசலம். அன்றைக்கு அவனாக ஒருத்தரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நானா? நான் சர்ச்சுக்குப் போறவ. கழுத்துல இது வேற இருக்குது” என்று ஜெபமாலையைத் தொட்டுக் காட்டினாள். “தூக்கம் வேற. வேற யாரையாவது பாருங்க.” மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருவழியாக ரோடு விட்டது. டிரைவர் விரட்டினார். விருத்தாசலத்தின் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது; எனக்கும் தொற்றிக்கொண்டு நானும் போட்டேன். கூட்டேரிப்பட்டில் கண்டக்டர் தானாகவே விசில் அடித்து, “மாமா, எறங்கு ஜல்தி! சித்தப்பா, நீயும் எறங்கு!” என்றார். ஷேர் ஆட்டோவில் நாங்கள் நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் கிளம்பப் போகும்போது, இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸின் படியிலிருந்து வெள்ளைக் கோட்டோடு ஒரு ஆள் குதித்தது.

“தள்ளிக்கினு உக்காருங்க” என்றாள் ஆரோக்கியசெல்வி. “கண்ண மூடினா நாலு பேரு, நாலு பேருன்னே வருது. பேஜாரு.”

மயிலத்தில் மலையடிவாரத்தில் இறங்கினபோது மணி பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. விருத்தாசலம் பையைத் திறந்தான். பிள்ளைக்குத் துணி, ஒரு ஜோடிக் கம்மல், வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, கற்கண்டு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

“தட்டு எங்கப்பா?” என்றாள் சின்னக்கண்ணு.

அவன் முகம் விழுந்துவிட்டது. தட்டு எடுத்து வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. அவன் வாழ்நாளில் சீர் சாமானைக் கடையிலிருந்து தூக்கி வந்திருக்கிறானே தவிர, அடுக்கினதில்லை. சீர் கொண்டுபோகிற மாமன், தட்டு இல்லாமல் வந்து நிற்கிறான்.

நான் அர்ச்சனைக் கடைக்குப் போனேன். ஐந்து பிரம்புத் தட்டு இரவல் கேட்டேன். கடைக்காரம்மா முடியாது என்றாள். அவள் பேச்சு வளவனூர்ப் பக்கம் மாதிரி இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். அப்புறம், பேச்சில் வந்த அவள் அண்ணன் கிணற்றில் இருக்கிற மோட்டார் யார் சுற்றியது என்று கேட்டேன். தட்டு வந்துவிட்டது. இந்த வாயை ஆஃப் பண்ணச் சொன்னவளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அவள் கண்டுகொள்ளாமல் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கலையரசி பூவைச் சுற்றினாள், சின்னக்கண்ணு தன் இருமுடிப் பையிலிருந்தே மஞ்சளும் குங்குமமும் எடுத்து வைத்தாள். துணியும் கம்மலும் இருந்த தட்டை விருத்தாசலம் எடுத்துக்கொண்டான். மேலே ஏறினோம்.

மண்டபத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். காது குத்துகிற பத்தர் சாமானைப் பரப்பிக்கொண்டிருந்தார். பாயில் வேறு ஒருத்தன், நல்ல பட்டு வேட்டி கட்டியவன், சம்மணம் போட்டு உட்காரத் தயாராக நின்றான். அதைப் பார்த்ததும் விருத்தாசலம் வாசல் தூணருகே நின்றுவிட்டான். நகரவில்லை. பின்னாலிருந்து ஆரோக்கியசெல்வி தட்டு விளிம்பால் அவன் முதுகில் ஒரு இடி இடித்தாள். “நடங்கண்ணா.”

“மாமன் சீர் வருது, வழி வுடுங்க!” என்று நான் கத்தினேன். மோட்டார் ஓடுகிற கொட்டகையில் கத்திப் பழகிய தொண்டை. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, தானாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளையைக் கையில் வைத்திருந்த பெண் திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவன் பின்னால் வந்த எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். நான், இரண்டு சிவப்புப் புடவை, ஜெபமாலை போட்ட ஒரு நர்ஸ். அவள் பிறந்த வீட்டு ஜனத்தில் ஒரு முகம்கூட எங்களில் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? இதை நான் யோசிக்கவே இல்லை. மாமியாருக்குப் பொய் சொல்லலாம், ஊருக்குச் சொல்லலாம். அவளுக்கு எப்படிச் சொல்வது? தட்டு என் கையில் கனத்தது.

அதற்குள் மாமியார் முன்னால் வந்துவிட்டாள். “இவ்ளோ நாளா எங்க இருந்தாங்க இந்த ஜனமெல்லாம்? இந்தம்மா யாரு, கழுத்துல சிலுவையோட?”

ஆரோக்கியசெல்வி வாயைத் திறந்தாள். அதற்கு முன் செண்பகம் சொன்னாள்.

“எங்க அத்தை பொண்ணு, அத்தை. வேதத்துல சேந்துட்டாங்க.” என்னைப் பார்த்தாள். “வாங்க சித்தப்பா. வெயில்ல ஏறி வந்தீங்களா? பெரியம்மா, வாங்க. நீயும் வாம்மா.”

நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சித்தப்பா என்று அவளாகவே கூப்பிட்டாள். கனத்த தட்டை அப்போதுதான் இறக்கி மாமியார் கையில் கொடுத்தேன்.

குமரேசன் வந்து மச்சான் கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தான். பட்டு வேட்டிக்காரன் ஒதுங்கிக்கொண்டான். பிள்ளை கோகுலகிருஷ்ணன் இந்த மாமனைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மடியில் வைத்ததும் மலையே அதிர்கிற மாதிரி அலறினான், முகத்தில் உதைத்தான், மீசையைப் பிடித்து இழுத்தான். மூட்டை தூக்குகிற அந்தக் கை பிள்ளையை இறுக்கிப் பிடிக்கப் பயந்து தளர்ந்தது. “கெட்டியா புடிங்க, ஊசி எசகுபிசகா பட்டுடும்” என்று ஆரோக்கியசெல்வி பக்கத்தில் குந்தி, பிள்ளையின் தலையைத் தன் உள்ளங்கையில் அசையாமல் தாங்கிக்கொண்டாள். பத்தர் ஒரு காது, மறு காது என்று முடித்துவிட்டார். பிள்ளை அலறிய அலறலில் மாமன் வேட்டி நனைந்துபோனது. விருத்தாசலம் பிள்ளையைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தான்.

“மாமனும் மருமவனும் நல்லா சேந்தாங்க” என்று மாமியார் சிரித்துவிட்டாள். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். சின்னக்கண்ணுவும் கலையரசியும் மாலை போட்டவர்கள் என்பதால் வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆரோக்கியசெல்வி தூணில் சாய்ந்து கேசரியைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனாள். செண்பகம் எனக்குச் சாம்பார் ஊற்ற வந்தவள், குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“எங்க அண்ணனோட உங்களுக்கு எத்தினி வருசப் பழக்கங்க?”

“விழுப்புரத்துலேர்ந்தும்மா” என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண் நிறைந்திருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் விருத்தாசலத்தின் போன் அடித்தது. பிள்ளை அழுது களைத்து அவன் மடியிலேயே படுத்திருந்தது. கை எடுக்க முடியாமல், என்னை எடுக்கச் சொன்னான். பெயரைப் பார்த்தேன். பச்சைமுத்து. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அவன் “வைங்க” என்று காதைக் காட்டினான். வைத்தேன்.

அந்தப் பக்கம் கத்துவது பந்திக்கே கேட்டது. எங்கடா இருக்க, யார கேட்டுப் போன, பங்காளிங்க முகத்துல எப்பிடி முழிப்ப.

“மடியில புள்ளைய வச்சிக்கினு இருக்கண்ணா. மெதுவா பேசு, எழுந்துக்கப் போறான்” என்றான் விருத்தாசலம். கால் தாளம் போடவில்லை.

“நீ ஊருக்குள்ள எப்பிடி வர்றேன்னு பாக்கறேன்டா!”

விருத்தாசலம் பிள்ளையின் சந்தனத் தலையில் உட்கார வந்த ஈயை ஊதி விரட்டினான்.

“வளவனூர் பஸ்ஸுலதாண்ணா வருவேன்” என்றான்.